‘எஸ்’ போட்ட விருத்தாசலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், எழுத வராது என்பது ஒரு காரணம். எழுதினால் என் தப்பையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். இரண்டாவதை எங்கள் பக்கத்து முருகன் கொளஞ்சியப்பரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

போன வாரம் என் மகள், வீட்டில் தைக்கும் குழந்தைப் பாவாடைகளுக்காக ஒரு வெப்சைட் திறந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சாமி படத்துக்கு முன்னால் செல்போனை வைத்துக் கும்பிட்டுவிட்டு எதையோ அழுத்தினாள். திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு, “அப்பா, தேடிப் பாரேன், வருதான்னு” என்றாள். நான் ஊர் பேரையும் பாவாடையையும் ஆங்கிலத்தில் தட்டினேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை, எழுத்துகள் கன்னாபின்னாவென்று விழுந்தன. போன் கோபித்துக்கொள்ளவில்லை. ‘இதைத்தான் தேடினீர்களா?’ என்று கேட்டு, என் தப்பை அதுவே திருத்திக்கொண்டு, மகளின் பாவாடையைக் கொண்டுவந்து நிறுத்தியது.

மகள் கை தட்டினாள். என் வீட்டுக்காரி அஞ்சலை கை தட்டவில்லை. அரிசி டிரம்மின் மேல் மூடியாகக் கிடக்கும் பழைய அட்டை ஒன்றைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த அட்டையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வைக்கோல் வாசனை அடித்தால் மற்றவர்களுக்கு மாடோ களமோ ஞாபகம் வரும். எனக்கு முகவரி ஞாபகம் வரும். எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் பகுதியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சூளையிலிருந்து ஆறி வரும் அகல் விளக்கு, குதிரை பொம்மை, பிள்ளையார் எல்லாவற்றையும் வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டியின் மூடியில் போகிற ஊரையும் அனுப்புகிற ஊரையும் கறுப்பு மையால் ஆங்கிலத்தில் எழுதி லாரி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம்தான். மீதியெல்லாம் பெட்டி மூடியில் படித்தது.

எங்கள் ஊர் பேரை ஆங்கிலத்தில் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ‘வி’ வந்ததும் உடனே ‘ஆர்’ வருமா, நடுவில் ஒரு ‘ஐ’ நுழையுமா? ‘டி’ ஒன்றா, இரண்டா? ரயில்வே ஸ்டேஷன் பலகையில் ஒரு மாதிரி இருக்கும், பஸ்ஸின் நெற்றியில் வேறு மாதிரி இருக்கும். வடக்கேயிருந்து வரும் கடிதங்களில் பார்த்தால் பிருந்தாவனத்துக்குப் பங்காளி ஊர் மாதிரி இருக்கும். அந்த உறைகளின் ஓரத்தை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன், இப்படி எத்தனை விதம்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆசையில். பதினேழு விதம் சேர்ந்திருந்தது. நான் எழுதினால் மட்டும் ஸ்டேஷன் பலகையில் உள்ளபடிதான் எழுதுவேன். ஊர் பேரைச் சரியாக எழுதுவது சாமி பேரைச் சரியாக உச்சரிக்கிற மாதிரி என்று எனக்கு ஒரு கர்வம்.

கொளஞ்சி அஞ்சலையின் தம்பி. அவர்களுக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. இந்தப் பக்கத்தில் கொளஞ்சியப்பரை வேண்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பேரைத்தான் வைப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று ‘கொளஞ்சி’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள். எங்கள் கொளஞ்சி இருபத்தைந்து வயதில் கம்பெனிக்கு வந்தான். பெட்டி கட்டுவதில் சூரன். அவன் கட்டிய பெட்டியைத் தூக்கி ஆட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வராது. எழுத்து மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.

ஒரு கார்த்திகை மாதம் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். தீபத்துக்கு விளக்குப் பெட்டிகள் திருவாரூர் போக வேண்டும். மூடிகளில் கொளஞ்சி எழுதினான். லாரி ஆபீசில் அதைத் திருவள்ளூர் என்று படித்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அப்படித்தான் எழுதியிருந்தான். தெற்கே போக வேண்டிய விளக்குகள் வடக்கே போய்விட்டு, தீபம் முடிந்து எங்களிடமே திரும்பி வந்தன.

முதலாளிகூட ‘சரி விடு’ என்றுவிட்டார். நான்தான் விடவில்லை. சூளைக்காரர்கள், பொம்மைக்கு வர்ணம் பூசும் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, திரும்பி வந்த பெட்டியின் மூடியைப் பிய்த்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“இன்னாடா இது? ஆரூர் எங்க, வள்ளூர் எங்க? அத வுடு. நீ சோறு துன்ற ஊரு பேருலயே ‘சி-எச்’ போட வேண்டிய எடத்துல ‘எஸ்’ போட்டிருக்கிய! ஊரு பேரு எழுதத் தெரியாதவனுக்கு ஊரு எதுக்குடா?”

“வாயில வர்றபடிதான மாமா எழுதுனேன்” என்றான்.

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது. இன்றுவரை உறுத்துவது அதுதான்.

அன்று சாயங்காலம் அவனை ரயிலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அஞ்சலை என்னோடு சண்டை போடவில்லை. வேளா வேளைக்குச் சோறு வைத்தாள். ‘சாப்பிடுங்க’ என்ற வார்த்தை மட்டும் வீட்டில் நின்றுபோனது. தட்டு வரும், குழம்பு வரும், வார்த்தை வராது. நான் பிய்த்த மூடியை வர்ணக்காரப் பெண் ஒருத்தியிடம் கேட்டு வாங்கி வந்து அரிசி டிரம்மின் மேல் போட்டாள். எழுத்துப் பக்கம் கீழே, வெறும் பக்கம் மேலே. நான் வெறும் அட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மனசு தாங்காவிட்டால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் பிராது கட்டுவோம். கோர்ட்டுக்கு மனு போடுகிற மாதிரிதான். நம் குறையை ஒரு தாளில் முருகனுக்கு எழுதி, அங்கே காவலுக்கு நிற்கும் முனியப்பர் எதிரில் கட்டிவிட்டு வருவது. மூன்று நாளில், இல்லாவிட்டால் மூன்று வாரத்தில், அதுவும் இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் தீர்ப்பாகிவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அஞ்சலை ஒரு திங்கட்கிழமை தனியாகப் போய்விட்டு வந்தாள்.

“தம்பி வரணும்னு கட்டுனியா?” என்று கேட்டேன்.

“ஒங்க மேல கட்டியிருக்கேன்” என்றாள்.

மூன்று மாதம் போனது. மூன்று வருடமும் போனது. கொளஞ்சியப்பர் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஒருவேளை தப்பு செய்தவன் தானாக வரட்டும் என்று விட்டுவைத்திருந்தாரோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்கு வெப்சைட் ஆசை வந்தது. கடலூரிலிருந்து ஒருவர் வந்து, பொம்மைகளைப் போட்டோ எடுத்து, ஒரு தளம் செய்து கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி ஒரு மாதம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை. “ஏம்பா, நீதான ஊரு ஊருக்கு பொட்டி அனுப்புற. இத எப்படி அனுப்பறதுன்னு போயி பாரேன்” என்று என்னைக் கிளப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டெல்லா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு தையல் மெஷின். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஸ்டெல்லா ஜாக்கெட்டுக்கு மூன்று கொக்கி தைத்துவிடுவார், இன்டர்நெட் அந்த வேகத்தில்தான் வந்தது. மானிட்டரின் மூலையில் ஜெபமாலை தொங்கும். எங்கள் தளத்தின் பேரைத் தட்டினால் தளம் வந்தது. ஊர் பேரையும் பொம்மையையும் போட்டுத் தேடினால் யார் யாரோ வந்தார்கள், நாங்கள் வரவில்லை.

“கடை தொறந்தா போதுமாண்ணா? ஊருக்குச் சொல்ல வேணாமா?” என்றார் ஸ்டெல்லா. “தேடித் தர்றதுக்குன்னே ஏழெட்டு கம்பெனி இருக்குது. ஒவ்வொருத்தன் கிட்டயும் ஒரு ஃபாரம். இன்னாரு, இன்ன கடை, வந்து பாருங்கன்னு எழுதி சப்மிட் பண்ணணும்.”

“பண்ணுனா?”

“ஸ்பைடர் வந்து பாத்துட்டுப் போவும். அப்புறமாத்தான் லிஸ்ட்டுல ஏறும்.”

“சிலந்தியா?”

“பேருதான் அப்படி, அது அவங்க அனுப்புற புரோகிராமு. வந்து போறத நாம பாக்க முடியாது.”

சிலந்தி என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. திருவானைக்காவில் சாமிக்கு வலையால் பந்தல் போட்ட ஜீவன் அல்லவா, பொய் சொல்லாது என்று தோன்றியது. “எத்தன நாளாவும்?” என்று கேட்டேன். ஸ்டெல்லா திரையில் படித்துப் பார்த்து, “சில நாளு, சில வாரம், சில சமயம் சில மாசமாம்” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மணவாளநல்லூரிலும் இதே கணக்குதான் என்று அவரிடம் பிராதைப் பற்றிச் சொன்னேன். கொளஞ்சியைப் பற்றியும், எப்படியோ, வாயில் வந்துவிட்டது.

ஸ்டெல்லா ஊசியை நிறுத்தினார். “எங்க கோயில்ல காணாமப் போனத அந்தோணியாரு தேடிக் குடுப்பாரு. அவருக்கு ஃபாரம் கெடயாது, மெழுகுத்திரி மட்டுந்தான்” என்று சிரித்தார். அப்புறம் சொன்னார்: “ஒண்ணு கவனிச்சிருக்கேண்ணா. இங்க மொதமொதலா வந்து ஒக்கார்றவங்க எல்லாரும் தம் பேரப் போட்டுப் பாப்பாங்க. அது வரலன்னா ஊரு பேரப் போடுவாங்க. ஒங்க மச்சான் எங்க இருந்தாலும் என்னிக்காவது ஒரு நாளு அதத்தான் செய்வாரு.”

அன்றிலிருந்து முதலாளியின் பொம்மை எனக்குப் பின்னால் போய்விட்டது. கொளஞ்சி ஊர் பேரைத் தட்டும்போது நாங்கள் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் வேலை விட்டு நேராக ஸ்டெல்லா கடைக்குப் போனேன். ஒவ்வொரு ஃபாரமாக அனுப்பினோம். ஐந்தாவது வாரம் ஒரு கம்பெனியின் பட்டியலில், பதினோராவது பக்கத்தில், எங்கள் குதிரை பொம்மை நின்றது. ஸ்டெல்லாவும் நானும் எழுந்து நின்றுவிட்டோம்.

பதினோராவது பக்கத்தை யார் பார்ப்பார்கள்? முன்னால் வர என்ன வழி என்று கேட்டேன். “தேடுற வார்த்த நம்ம பக்கத்துல நெறய இருந்தா முன்னாடி வரும்னு பேசிக்கிறாங்க” என்றார். எவ்வளவு நிறைய என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியுமே! ஒரு பேரை எத்தனை முறை சொன்னால் கேட்கிறவர் மனம் இரங்குவார் என்பது நம் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குளித்துவிட்டு உட்கார்ந்து ‘விருத்தாசலம்’ என்று நூற்றெட்டு முறை ஆங்கிலத்தில் எழுதினேன். ஸ்டேஷன் பலகையில் உள்ளபடி, ஒரு பிசகும் இல்லாமல்.

ஸ்டெல்லா தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “பொம்ம பாக்க வர்றவங்க பயந்துருவாங்கண்ணா.”

“அப்ப கண்ணுக்குத் தெரியாம போட முடியுமா? மனசுக்குள்ள ஜெபம் பண்ற மாதிரி?”

முடியும் என்றார். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. மனிதர்களுக்குத் தெரியாது, சிலந்திக்குத் தெரியும். போட்டோம். இரண்டே வாரத்தில் எங்கள் குதிரை முதல் பக்கத்துக்கு ஓடி வந்தது. நான் கோயிலுக்குத் தேங்காய் வாங்கிப் போனேன். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் குதிரை முதல் பக்கத்திலும் இல்லை, பதினோராவது பக்கத்திலும் இல்லை. எங்குமே இல்லை.

ஸ்டெல்லா அந்தக் கம்பெனியின் விதிமுறைகளைத் தேடிப் படித்தார். முகம் மாறியது. “எழுத்த ஒளிச்சு வெக்கிறது ஏமாத்து வேலையாம். ஒரே வார்த்தய திருப்பித் திருப்பிப் போட்டா தூக்கிடுவாங்களாம்.”

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்குக் கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சாமிக்குப் பேரைத் திருப்பிச் சொன்னால் அர்ச்சனை, இவர்களுக்குச் சொன்னால் மோசடி. ஒருவனைத் துரத்தினேன், அவனைத் தேடுவதற்காக வைத்த விளக்கையும் அணைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை நான் சனிக்கிழமை எங்கே போகிறேன் என்று அவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நூத்தியெட்டும் நீங்க எழுதுறாப்பலதான எழுதுனீங்க?”

“ஆமா. சரியாத்தான் எழுதுனேன்.”

“அவன் சரியாவா எழுதுவான்?”

எழுந்து போய் அரிசி டிரம்மின் மூடியை எடுத்து, திருப்பி, என் மடியில் வைத்தாள். கொளஞ்சியின் கையெழுத்து. மேலே திருவள்ளூர். கீழே, அனுப்புகிற ஊர். ‘வி-ஐ-ஆர்-யு-டி-எச்-ஏ-எஸ்-ஏ-எல்-ஏ-எம்’. பன்னிரண்டு எழுத்து. என் நோட்டில் ஒட்டியிருந்த பதினேழு விதத்தில் இது இல்லை. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நாம் எல்லோரும் நம் ஊரை எப்படிச் சொல்கிறோமோ, அப்படியே இருந்தது. நாம் சொல்வதில் ‘சி-எச்’ எங்கே இருக்கிறது?

“அஞ்சாங்கிளாஸு படிச்ச எனக்கே தெரியுது” என்றாள்.

மறுநாளே ஸ்டெல்லாவிடம் ஓடினேன். நூற்றெட்டையும் எடுத்தோம். மன்னிப்புக் கேட்டு அதே கம்பெனிக்கு எழுதச் சொன்னேன். ‘ஐயா, நான் சாமி கும்பிடும் ஆள். பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் நல்லது என்று நினைத்துச் செய்துவிட்டேன். இப்போது எடுத்துவிட்டேன். மறுபடி வந்து பார்க்கவும்.’

“இதெல்லாம் எழுதணுமாண்ணா? படிக்கிறது மனுசனா மிஷினான்னே தெரியல.”

“எழுதும்மா. முனியப்பரு படிக்கிறத மட்டும் நாம பாத்துக்கிட்டா இருந்தோம்?”

ஸ்டெல்லா அதை ஆங்கிலமாக்கி அனுப்பினார். பிறகு தளத்தின் அடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற கறுப்பு எழுத்தில், ஒரே ஒரு வரி போட்டோம். அப்போது தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது, கட்டம் கட்டமாகத்தான் வரும். அதனால் ஆங்கில எழுத்திலேயே தமிழ். ஊர் பேர் அந்தப் பன்னிரண்டு எழுத்து. ‘விருத்தாசலம் கொளஞ்சி, அக்கா தேடுது.’ அவ்வளவுதான் அஞ்சலை சொல்லி அனுப்பியது. ஸ்டெல்லா தட்டி முடித்ததும், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். ‘மாமா மேலதான் தப்பு.’

ஸ்டெல்லா என்னைப் பார்க்காமலே தட்டினார்.

இரண்டு மாதமோ என்னவோ கழித்து கம்பெனி போன் அடித்தது. பொம்மை ஆர்டர் என்று நினைத்து முதலாளியே எடுத்தார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். எதிர்முனையில் ஒரே இரைச்சல், ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம்.

“மாமா” என்றான் கொளஞ்சி. பிறகு, “ஊரு பேர கரெக்டா போட்டிருக்கீங்களே” என்றான்.

“ஆமாண்டா. வாயில வர்றபடி” என்றேன்.

குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிறவனோடு ரயில் டிக்கெட் பார்க்கப் பிரவுசிங் சென்டருக்குப் போனவன், ‘நம்மூரு இதுல இருக்குதா பாப்போம்’ என்று தட்டியிருக்கிறான். அப்படி எழுதிய விருத்தாசலம் அந்தப் பட்டியல் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம், குதிரை பொம்மையோடு.

பங்குனி உத்திரத்துக்கு வந்தான். அன்று மத்தியானம் அவனுக்கும் எனக்கும் இலை போட்டு, “சாப்பிடுங்க” என்றாள் அஞ்சலை. இரண்டு பேரில் யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, சாப்பிட்டேன். சாயங்காலம் பிராதை வாபஸ் வாங்க மூன்று பேரும் மணவாளநல்லூர் போனோம். “எதிராளியையுமா கூட்டிக்கினு வந்தீங்க?” என்று கோயிலில் பிராது எழுதுகிறவர் கேட்டார். “அவருதான் பஸ்ஸுக்கு எடம் புடிச்சாரு” என்றாள்.

கொளஞ்சி இப்போதும் குஜராத்தில்தான் இருக்கிறான், பெண்டாட்டி பிள்ளைகளோடு. வருடம் தவறாமல் வருகிறான். போன தடவை, “எழுதுங்க மாமா, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனதால்தான் எழுதினேன்.

ஸ்டெல்லா மகளோடு பாண்டிச்சேரியில் இருக்கிறார். அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அந்த ஏழெட்டு கம்பெனிகளில் எது மிச்சம் என்று தெரியவில்லை. ஃபாரம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பதெல்லாம் இப்போது இல்லை. முதலாளி காலமான பிறகு தளத்தைப் புதுப்பிக்க ஆளில்லாமல் அதுவும் போய்விட்டது. பாவாடையைத் தேடிப் பார்த்த அந்தத் திங்கட்கிழமை, மகள் உள்ளே போன பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பன்னிரண்டு எழுத்தைப் போனில் தட்டிப் பார்த்தேன். ‘இதைத்தான் தேடினீர்களா?’ என்று ஸ்டேஷன் பலகையில் உள்ளபடி திருத்தி, லாட்ஜ், ரயில் நேரம், கல்யாண மண்டபம் என்று ஆயிரக்கணக்கில் கொட்டியது. நல்லதுதான், என் மகளின் பாவாடைக்கு அதனால்தான் மூன்றே நாளில் வழி கிடைத்தது. ஆனாலும் ஒரே ஒரு வீடு மட்டும் இருந்த சந்து அது. தப்பாய்த் திரும்புகிறவன் நேராக அந்த வீட்டு வாசலுக்கு வந்து நிற்பான். அந்தச் சந்தை அடைத்துவிட்டார்கள்.

இதைப் படித்த நீங்கள் நாலு பேருக்கு அனுப்பினால் சந்தோஷம். அனுப்பாவிட்டால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது, என் சாமி அப்படிப்பட்டவர் இல்லை. அனுப்புவதாக இருந்தால் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். என் தமிழில் பிழை இருந்தாலும் கை வைக்காதீர்கள். முக்கியமாக அந்தப் பன்னிரண்டு எழுத்தில் எட்டாவதாக இருக்கும் ‘எஸ்’ஸை யாரும் திருத்திவிடாதீர்கள். எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும். வாயில் வர்றபடி எழுதுகிறவன் இன்னும் எவனாவது தேடிக்கொண்டிருக்கலாம்.